கடலில் போடச் சொன்ன ராட்சத மனிதன்

அவன் உயரம் 7 அடி 7 அங்குலம்.

நம் ஊர் வீடுகளின் வாசல் நிலை அவன் உயரத்துக்கு வராது. எந்த வீட்டுக்குள் போனாலும் குனிந்துதான் போகவேண்டும். கட்டிலில் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

சார்லஸ் பைர்ன் என்பது அவன் பெயர். அயர்லாந்து நாட்டுக்காரன். 22 வயதில் இறந்து போனான்.

சாகும் முன் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன் உடலை ஈயப் பெட்டியில் வைத்து, நன்றாக மூடி, நடுக்கடலில் போட்டுவிட வேண்டும் என்று கேட்டான். அதற்குப் பணமும் ஒதுக்கி வைத்தான்.

அது நடக்கவில்லை. அவன் எலும்புக்கூடு லண்டன் மியூசியத்தில் 200 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. லட்சக்கணக்கான ஜனங்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள்.

இப்படி ஏன் ஆயிற்று? அவன் ஏன் அவ்வளவு உயரமாக வளர்ந்தான்? அவன் எலும்பிலிருந்து டாக்டர்கள் எதைக் கண்டுபிடித்தார்கள்? எல்லாவற்றையும் பார்ப்போம்.

(அவனை "அவன்" என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு அல்ல. 22 வயது என்பது நம் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளையின் வயது.)

சின்னக் கிராமம்

1761-ம் ஆண்டு. அயர்லாந்தின் வட பகுதியில் லிட்டில்பிரிட்ஜ் என்ற சின்னக் கிராமத்தில் சார்லஸ் பிறந்தான். டெரி, டைரோன் என்ற 2 மாவட்டங்களின் எல்லையில் இருக்கிறது அந்த ஊர்.

அப்பா, அம்மா இருவருமே சாதாரண உயரம். ஏழைக் குடும்பம்.

பையன் வளர்ந்தான். வளர்ந்துகொண்டே இருந்தான். மற்றப் பிள்ளைகள் நின்றுவிட்ட வயதிலும் அவன் நிற்கவில்லை. இந்த மாதம் தைத்த சட்டை அடுத்த மாதம் பற்றாது.

ஊரில் சும்மா இருப்பார்களா? காரணம் கண்டுபிடித்தார்கள். உயரமான ஒரு வைக்கோல் போருக்கும் அவன் பிறப்புக்கும் முடிச்சுப் போட்டு ஒரு கதை கட்டினார்கள். வைக்கோல் போர் உயரம், அதனால் பிள்ளையும் உயரம் என்பது அவர்கள் கணக்கு! கிராமத்துக் கதைகள் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

உண்மைக் காரணம் அவன் தலைக்குள் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க இன்னும் 150 ஆண்டுகள் ஆகவேண்டியிருந்தது.

பக்கத்து ஊர்க்காரன்

கோக் என்ற பக்கத்து ஊரில் ஜோ வான்ஸ் என்று ஒருவன் இருந்தான். வியாபார மூளை உள்ளவன். சார்லசைப் பார்த்தான். இவனைக் காட்டினால் காசு வரும் என்று தெரிந்துகொண்டான்.

ஊர் ஊராகச் சந்தைகளுக்கு அழைத்துப் போனான். பிறகு கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போனார்கள். எடின்பரோ நகரத்தில் ஒரு பாலம். இரவு நேரம். சார்லஸ் புகைக் குழாயை வாயில் வைத்தான். நெருப்பு இல்லை. தெரு விளக்குக் கம்பத்தின் அருகே போனான். நுனிக்காலில்கூட நிற்காமல், விளக்கிலேயே பற்ற வைத்துக்கொண்டான். அதைக் கண்ட இரவுக் காவலர்கள் வெலவெலத்துப் போனார்கள் என்று அந்த ஊரில் இன்றும் கதை சொல்லுகிறார்கள்.

லண்டனில்

1782-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சார்லஸ் லண்டனுக்கு வந்தான். வயது 21.

ஸ்பிரிங் கார்டன்ஸ் என்ற இடத்தில், கைத்தடி விற்கும் ஒரு கடையில் அவனுக்கு இடம் பிடித்தார்கள். பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார்கள். உலகத்திலேயே உயரமான மனிதன், 8 அடிக்கும் மேல் என்று அளந்தார்கள். விளம்பரக்காரர்கள் கையில் அங்குலம் எப்போதும் நீளும். எலும்புக்கூட்டை அளந்த பிறகுதான் 7 அடி 7 அங்குலம் என்ற உண்மைக் கணக்கு தெரிந்தது. அதுவே போதாதா?

பார்க்கக் கட்டணம் தலைக்கு இரண்டரை ஷில்லிங். ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலியைவிட அதிகம். காலை 11 மணி முதல் 3 மணி வரை. மறுபடி மாலை 5 மணி முதல் 8 மணி வரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு.

சீமான்கள் வந்தார்கள். சீமாட்டிகள் வந்தார்கள். பிரபுக்களும் படித்தவர்களும் வந்தார்கள். லண்டன் நகரமே அவனைப் பற்றிப் பேசியது. அந்தக் கோடைக்காலத்தில் ஹேமார்க்கெட் நாடகக் கொட்டகையில் அயர்லாந்து ராட்சதனைப் பற்றி ஒரு வேடிக்கை நாடகமே போட்டுவிட்டார்கள்.

சார்லஸ் நல்ல உடை உடுத்துவான். வந்தவர்களிடம் மரியாதையாகப் பேசுவான். நாள் முழுவதும் நிற்பான். பிறர் பார்ப்பதற்காக நிற்பதுதான் அவன் உத்தியோகம்.

ஆனால் அவன் உடம்பு நிற்கக் கூடிய உடம்பு அல்ல. ராட்சத வளர்ச்சி உள்ளவர்கள் பலசாலிகள் என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. எலும்பு நீளும். மூட்டுகள் தேயும். தசை தளரும். தலைவலி பாடாய்ப் படுத்தும். வேர்த்துக் கொட்டும். பார்க்க மலை, உள்ளே வேதனை.

வேதனையை மறக்கக் குடித்தானோ, தனிமையை மறக்கக் குடித்தானோ, சார்லஸ் குடிக்கத் தொடங்கினான். குடி மிதமிஞ்சிப் போயிற்று.

700 பவுன்

1783-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு விபரீதம் நடந்தது.

சார்லஸ் ஒரு வருஷம் நின்று சம்பாதித்த பணம் சுமார் 700 பவுன். அதை அப்படியே நோட்டாக மாற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். ஒரு மதுக் கடைக்குப் போனான். எவனோ பையில் கைவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் காலத்தில் ஒரு கூலியாள் 20 வருஷம் உழைத்தாலும் அவ்வளவு பணம் சேர்க்க முடியாது. எல்லோர் தலைக்கும் மேலே தலை இருந்தது. எல்லோரையும் பார்க்க முடிந்தது. ஆனால் தன் பைக்குள் நுழைந்த கையை மட்டும் அவன் பார்க்கவில்லை!

அதோடு அவன் ஒடிந்து போனான். இன்னும் அதிகமாகக் குடித்தான். வேடிக்கை பார்க்கும் கூட்டமும் குறைந்துகொண்டே வந்தது. லண்டனுக்குத் தினம் ஒரு புதுமை வேண்டும்.

வட்டமிட்ட கழுகுகள்

இப்போது இன்னொரு பயம் அவனைப் பிடித்தது.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பிணத்தை அறுத்துப் பார்ப்பது பெரிய அவமானம். 1752-ம் ஆண்டுச் சட்டப்படி, கொலை செய்து தூக்கில் தொங்கியவனின் உடலைத்தான் டாக்டர்களிடம் கொடுப்பார்கள். தூக்கைவிட அதுதான் பெரிய தண்டனை என்று ஜனங்கள் நினைத்தார்கள். உடல் துண்டாகிவிட்டால், கடைசி நாளில் கடவுள் எழுப்பும்போது எப்படி எழுந்திருப்பது என்ற அச்சம்.

டாக்டர்களுக்கோ பிணம் வேண்டும். பாடம் நடத்தப் பிணம் வேண்டும். தூக்கில் தொங்கியவர்கள் போதவில்லை. எனவே இரவில் கல்லறையைத் தோண்டிப் பிணத்தைத் திருடி விற்கும் கூட்டம் கிளம்பிற்று. 1832-ம் ஆண்டில் புதுச் சட்டம் வரும் வரையில் இந்தக் கொடுமை நடந்தது.

சாதாரணப் பிணத்துக்கே இந்தக் கிராக்கி. 7 அடி 7 அங்குலப் பிணம் என்றால் விடுவார்களா? லண்டன் டாக்டர்கள் பலர் அவன் சாவுக்காகக் காத்திருந்தார்கள். சார்லசுக்கு அது நன்றாகத் தெரியும்.

காத்திருந்தவர்களில் முதல்வர் ஜான் ஹண்டர்.

ஜான் ஹண்டர்

ஹண்டர் சாமானியர் அல்ல. ஸ்காட்லாந்தில் 1728-ம் ஆண்டு பிறந்தவர். இங்கிலாந்து மன்னரின் அறுவை வைத்தியர்களில் ஒருவர். அம்மை நோய்க்குத் தடுப்பு முறை கண்டுபிடித்தாரே ஜென்னர், அவருக்குக் குருநாதர். அறுவை வைத்தியத்தை ஒரு விஞ்ஞானமாக ஆக்கியவர்களில் முன் வரிசையில் நிற்பவர்.

ஆனால் அவருக்கு ஒரு பித்து. உயிருள்ள எதைக் கண்டாலும் அதை அறுத்து உள்ளே பார்க்கவேண்டும். திமிங்கிலமா? வேண்டும். ஒட்டகச் சிவிங்கியா? வேண்டும். தேனீயா? அதுவும் வேண்டும். ஆயிரக்கணக்கான ஜாடிகளில் உறுப்புக்களைப் போட்டு வைத்திருந்தார்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். சார்லஸ் லண்டனுக்கு வந்த அதே 1782-ம் ஆண்டில் ஹண்டர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மீனின் காதைப் பற்றிய கட்டுரை! மீனின் தலைக்குள் கேட்கும் உறுப்பு எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று தேடித் தேடி அறுத்துப் பார்த்து எழுதினார். மீனின் காதையே விடாதவர் ராட்சதனை விடுவாரா?

ஹோவிசன் என்ற தன் ஆளை அனுப்பினார். சார்லஸ் எங்கே குடியிருக்கிறானோ அதன் அருகிலேயே தங்கி, அவனைக் கண்காணிப்பதுதான் ஹோவிசனின் வேலை. உயிரோடு இருக்கும்போதே ஒருவன் சாவை எண்ணிக்கொண்டு இன்னொருவன் பக்கத்தில் இருக்கிறான். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

1783-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி, காக்ஸ்பர் தெருவில் தான் தங்கியிருந்த அறையில் சார்லஸ் பைர்ன் இறந்தான்.

சவப்பெட்டியில் கல்

நண்பர்கள் வாக்குத் தவறவில்லை. பெரிய பெட்டி செய்தார்கள். உடலை வைத்து மூடினார்கள். கடற்கரையை நோக்கிப் புறப்பட்டார்கள். நீண்ட வழி. பெட்டியோ மகா கனம். இடையில் தங்கினார்கள். களைப்புத் தீரக் குடித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஹண்டரின் பணம் வேலை செய்தது. பிண அடக்கத்துக்குப் பொறுப்பேற்றவனுக்கு லஞ்சம் கொடுத்தார்கள். 500 பவுன் என்று சொல்லுகிறார்கள். உடலை வெளியே எடுத்தார்கள். பெட்டிக்குள் கல்லை நிரப்பினார்கள். நண்பர்கள் கண்ணீரோடு கடலில் இறக்கியது வெறும் கல்லை!

உடல், ஹண்டரின் எர்ல்ஸ் கோர்ட் மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தது. யாராவது தேடி வந்துவிடுவார்களோ என்று ஹண்டருக்குப் பயம். நிதானமாக அறுத்துப் பார்க்க நேரம் இல்லை. உடலைத் துண்டாக்கி, பெரிய செப்புக் கொப்பரையில் போட்டுக் கொதிக்க வைத்தார். சதை கழன்றது. எலும்பு மிஞ்சிற்று. அவசரமாக வேகவைத்ததால் எலும்பு பழுப்பு நிறமாகிவிட்டது.

சுமார் 4 ஆண்டுகள் அதை மறைத்தே வைத்திருந்தார்.

இதில் எனக்குப் பெரிய வியப்பு எது தெரியுமா? ஹண்டர் அந்த மண்டை ஓட்டைத் திறந்து பார்க்கவே இல்லை! ராட்சத வளர்ச்சியின் ரகசியம் அதற்குள்தான் இருந்தது. மூளையும், மூளையின் அடியில் இருந்த சுரப்பியும், காதின் உட்புறச் சவ்வும் எல்லாம் கொப்பரையில் கரைந்து போயின. ஊரை ஏமாற்றித் திருடிய பொருளில் முக்கியமானதை அவரே அழித்துவிட்டார்.

கிடைத்த விடை

1793-ம் ஆண்டில் ஹண்டர் இறந்தார். அவர் சேகரித்தவற்றையெல்லாம் 1799-ம் ஆண்டில் அரசாங்கம் விலைக்கு வாங்கியது. அறுவை வைத்தியர்கள் சங்கத்திடம் ஒப்படைத்தது. ஹண்டர் மியூசியம் உண்டாயிற்று. அங்கே சார்லஸ் நின்றான்.

100 ஆண்டுகளுக்கு மேல் போயின. பிரான்சு தேசத்து டாக்டர் பியர் மாரி, 1886-ம் ஆண்டில், கையும் காலும் தாடையும் பெருத்துப் போகும் ஒரு நோயை விவரித்துப் பெயர் கொடுத்தார். அக்ரோமெகாலி என்பது அந்தப் பெயர்.

1909-ம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஹார்வி குஷிங் என்ற மூளை அறுவை நிபுணர் லண்டன் வந்தார். மியூசியப் பொறுப்பாளர் ஆர்தர் கீத்துடன் சேர்ந்து சார்லசின் மண்டை ஓட்டைத் திறந்தார்.

மண்டையின் அடிப்புறத்தில், மூக்குக்குப் பின்னால், குதிரைச் சேணம் போல ஒரு சின்னக் குழி எல்லோருக்கும் உண்டு. பிட்யூட்டரி என்ற சுரப்பி உட்காரும் இடம் அது. சுரப்பி ஒரு பட்டாணி அளவுதான். எடை சுமார் அரை கிராம்.

சார்லசின் மண்டையில் அந்தக் குழி மிகவும் பெரிதாகி இருந்தது. அங்கே ஒரு கட்டி வளர்ந்து, எலும்பை அரித்து இடம் பிடித்திருந்தது. வைக்கோல் போர்க் கதைக்கு அன்றுதான் முடிவு வந்தது.

அரை கிராம் சுரப்பி

அந்தச் சுரப்பி என்ன செய்கிறது?

வளர்ச்சி ஹார்மோன் என்ற ரசத்தை ரத்தத்தில் விடுகிறது. அது கல்லீரலுக்குப் போய் இன்னொரு ரசத்தைச் சுரக்கச் செய்கிறது. இரண்டும் சேர்ந்து எலும்பை வளர்க்கின்றன. பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளரும் குருத்து இருக்கிறது. வாலிபம் முடியும்போது அது இறுகி மூடிக்கொள்ளும். பிறகு உயரம் ஏறாது.

சுரப்பியில் கட்டி வந்தால் ரசம் அளவுக்கு மீறிச் சுரக்கும். குருத்து மூடும் முன் வந்தால், ஆள் பனைமரம் போல் வளருவான். மூடிய பின் வந்தால், உயரம் கூடாது. கையும் காலும் தாடையும் மூக்கும் நாக்கும் பெருக்கும். மோதிரம் விரலில் ஏறாது. செருப்புப் பற்றாது. குரல் கட்டைக் குரலாகும். குறட்டை பலமாகும்.

காது மந்தம்

கும்பகர்ணனை எழுப்ப முரசு அடித்தார்கள், சங்கு ஊதினார்கள் என்று கதையில் கேட்டிருக்கிறோம். ராட்சதனுக்குக் காது மந்தமா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் டாக்டர்கள் இதை உண்மையிலேயே ஆராய்ந்து வருகிறார்கள். வளர்ச்சி ஹார்மோன் கெட்டால் காதும் கெடுமா என்பது அவர்கள் கேள்வி.

காதின் அமைப்பைச் சொன்னால்தான் இது விளங்கும்.

காதுத் துவாரத்தின் முடிவில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. முரசுத் தோல் போல ஒலிபட்டு அது அதிரும். அதற்கு அப்பால் காற்று நிறைந்த சின்ன அறை. அதுதான் நடுக்காது. அந்த அறையில் 3 குட்டி எலும்புகள் கைகோத்து நிற்கின்றன. ஒன்று சுத்தி போல, ஒன்று பட்டடை போல, ஒன்று குதிரையின் அங்கவடி போல இருக்கும். அங்கவடி எலும்புதான் மனித உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. அரிசி மணியில் பாதி! சவ்வின் அதிர்வை இந்த மூன்றும் வாங்கி உள்காதுக்குக் கொடுக்கின்றன. அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது.

இந்த 3 எலும்புகளும் குழந்தை பிறக்கும்போதே கிட்டத்தட்ட முழு அளவில் இருக்கின்றன. கால் வளரும், கை வளரும், இவை வளருவதில்லை. பிறந்த குழந்தைக்கும் தாத்தாவுக்கும் ஒரே அளவு. உடம்பில் இப்படி ஓர் அதிசயம்.

பிறகு ராட்சத நோயில் தொந்தரவு எங்கே வருகிறது? இந்த எலும்புகளைச் சுற்றித்தான் என்று டாக்டர்கள் பெரும்பாலும் சந்தேகிக்கிறார்கள்.

நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது. மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைக்கிறதல்லவா? எச்சிலை விழுங்கினால் திறக்கிறதல்லவா? அது இந்தக் குழாயின் வேலை. நடுக்காதுக்குள் புதுக் காற்றை விடும் ஜன்னல் அது.

வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தால் மூக்கு, தொண்டை எல்லாவற்றிலும் சதையும் சவ்வும் தடிக்கின்றன. குழாயின் வாய் ஒடுங்குகிறது. காற்றுப் போக வழி இல்லை. உள்ளே இருக்கும் காற்று உறிஞ்சப்பட்டுவிடுகிறது. சவ்வு உள்பக்கம் இழுக்கப்படுகிறது. சில சமயம் அறையில் நீர் கட்டிக்கொள்கிறது. நனைந்த முரசில் ஓசை வருமா? காது மந்தமாகிறது. காதைச் சுற்றியுள்ள மண்டை எலும்பும் தடிக்கிறது.

எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. நோயாளிகளைச் சோதித்த ஆராய்ச்சிகளில் சிலவற்றில் நடுக்காதுக் கோளாறு தெரிந்தது. சிலவற்றில் உள்காது நரம்புக் கோளாறு தெரிந்தது. வேறு சிலவற்றில் மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இந்த நோயோடு சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து வருவது உண்டு. அவையும் உள்காதைக் கெடுக்கும். எது எதனால் என்று பிரிப்பது சுலபம் அல்ல.

அதிகமானால் மட்டும் அல்ல, குறைந்தாலும் தொல்லைதான். கல்லீரல் சுரக்கிறது என்று சொன்னேனே, அந்த ரசம் தாய் வயிற்றில் உள்காது உருவாகும்போதே வேண்டும். அந்த ரசத்துக்கு உரிய மரபுக்கூற்றில் ஒரு பகுதி இல்லாமல் பிறந்த ஒரு பையனைப் பற்றி 1996-ம் ஆண்டில் டாக்டர்கள் எழுதினார்கள். அவன் மிகவும் குள்ளமாக இருந்தான். நரம்புக் கோளாறால் காதும் கேட்கவில்லை.

சார்லசின் காலத்தில் இதற்கெல்லாம் வைத்தியம் கிடையாது. இன்று உண்டு. ரத்தத்தைச் சோதித்தால் ஹார்மோன் அளவு தெரியும். ஸ்கேன் எடுத்தால் கட்டி தெரியும். மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே கருவியை விட்டுக் கட்டியை எடுத்துவிடுகிறார்கள். ஊசி மருந்தும் இருக்கிறது. பிள்ளை வயதுக்கு மீறி வேகமாக வளர்ந்தாலும், பெரியவர்களுக்கு மோதிரமும் செருப்பும் பற்றாமல் போய்த் தலைவலியும் காது மந்தமும் சேர்ந்து வந்தாலும், டாக்டரிடம் காட்டுவது நல்லது.

பல்லில் இருந்த சாட்சி

2011-ம் ஆண்டில் இன்னொரு செய்தி வந்தது.

லண்டனில் மார்த்தா கோர்போனிட்ஸ் என்ற பெண் டாக்டரும் அவரோடு வேலை செய்தவர்களும் சார்லசின் 2 பற்களை எடுத்து மரபுக்கூற்றைச் சோதித்தார்கள். ஒரு சிறு பிழை அகப்பட்டது. வட அயர்லாந்தில், சார்லஸ் பிறந்த வட்டாரத்தில் இன்று வாழும் 4 குடும்பங்களிலும் அதே பிழை இருந்தது. அந்தக் குடும்பங்களில் ராட்சத வளர்ச்சியும் சுரப்பிக் கட்டியும் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தன.

சார்லசுக்கும் அவர்களுக்கும் ஒரே மூதாதை. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்.

பிறகு அந்த வட்டாரத்தில் பலரைச் சோதித்தார்கள். சுமார் 150 பேரில் ஒருவருக்கு அந்தப் பிழை இருந்தது. பிழை இருப்பவர் எல்லோருக்கும் கட்டி வருவதில்லை. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் கவனித்துக்கொள்ளலாம். கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிக்கலாம். அப்படிப் பிடித்தும் இருக்கிறார்கள்.

ஆகவே, கடலில் போயிருந்தால் இந்த நன்மை கிடைத்திருக்காது என்று ஒரு கட்சி சொல்லிற்று. இன்னொரு கட்சி, எடுக்க வேண்டியதை எடுத்தாயிற்று, மரபுக்கூறும் பதிவாகிவிட்டது, இனியாவது அவன் கேட்டபடி கடலில் விடுங்கள் என்றது. 2011-ம் ஆண்டு இறுதியில் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையிலேயே இதைப் பற்றிக் கட்டுரை வந்தது.

என் கட்சி எது என்று கேட்டால் ஒளிக்கமாட்டேன். பல்லைச் சோதித்தது நல்லதுதான். அதனால் பிழைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு ஏழைப் பையன் பணம் கட்டி, வாக்கு வாங்கி, இதை மட்டும் செய்யாதீர்கள் என்று கெஞ்சினான். அதையே செய்தார்கள். காசு கொடுத்துச் செய்தார்கள். பிறகு டிக்கெட்டுப் போட்டது போல நிறுத்தி வைத்தார்கள். உயிரோடு இருந்தபோதாவது இரண்டரை ஷில்லிங் அவன் கைக்கு வந்தது.

தப்பித்த இன்னொருவன்

சார்லசின் கதை அவனைப் போன்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருந்தது. பாட்ரிக் காட்டர் என்று இன்னொரு அயர்லாந்துக்காரன். அவனும் ராட்சதன்தான். உயரம் 8 அடி 1 அங்குலம். 1806-ம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்தில் இறந்தான். அவன் கெட்டிக்காரன். பாறையில் 12 அடி ஆழம் குழி வெட்டி, மேலே கம்பியும் போட்டுத் தன்னைப் புதைக்கச் சொன்னான். 100 ஆண்டு வரையில் எவனாலும் அவனைத் தொட முடியவில்லை.

சார்லசுக்குக் கடலை நம்பத் தோன்றிற்று. பாறையை நம்பியிருக்கலாம்.

மூடிய கதவு

1941-ம் ஆண்டில் ஜெர்மன் விமானங்கள் லண்டனில் குண்டு போட்டபோது மியூசியத்தில் பெரும் பகுதி நாசமாயிற்று. ஆயிரக்கணக்கான ஜாடிகள் நொறுங்கின. சார்லசின் எலும்புக்கூடு தப்பித்தது.

2017-ம் ஆண்டில் கட்டடத்தைப் புதுப்பிக்க மியூசியத்தை மூடினார்கள். அதற்குள் சார்லசுக்காக வாதாடும் குரல் வலுத்துவிட்டது. அவனைப் பற்றி நாவல் எழுதிய ஆசிரியை ஹிலாரி மான்டல், அவனை அயர்லாந்துக்கே அனுப்புங்கள் என்று 2020-ம் ஆண்டில் கேட்டார்.

2023-ம் ஆண்டு மே மாதம் மியூசியம் மறுபடி திறந்தது. சார்லஸ் அங்கே நிற்கவில்லை. இனி அவனைப் பொது ஜனங்களுக்குக் காட்டுவதில்லை என்று நிர்வாகிகள் முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் கடலுக்கும் அனுப்பவில்லை. ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று உள்ளே பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

அவன் நின்ற இடத்தில் இப்போது ஒரு படம் மாட்டியிருக்கிறது. ஜோஷுவா ரெனால்ட்ஸ் என்ற ஓவியர் 1786-ம் ஆண்டில் வரைந்தது. ஜான் ஹண்டர் நாற்காலியில் அமர்ந்து யோசனையில் இருக்கிறார். படத்தின் மேல் மூலையில், அவர் தலைக்கு அப்பால், ஓர் எலும்புக்கூட்டின் 2 பாதங்கள் மட்டும் தொங்குகின்றன. மிக நீளமான பாதங்கள்.